ஒரே பஃபரை இரண்டு பேர் விட்டோம்

போன வியாழக்கிழமை காலை பத்தே கால் மணி. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு ஒரே நம்பருக்கு எட்டாவது தடவையாகப் போன் செய்துகொண்டிருந்தேன். பாப்பாரப்பட்டியில் இருக்கும் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியின் நம்பர். மணி அடிக்கிறது... அடிக்கிறது... யாரும் எடுக்கவில்லை.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. வேறு யாருடைய கண்ணுக்கோ என்னால் ஆபத்து வந்துவிட்டது என்று பயந்துகொண்டிருந்தேன். யார் அந்த ஆள்? ஆணா, பெண்ணா, எந்த ஊர்? தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி இத்தனை நாள் நழுவிவிட்டேன். இந்த வாரம் நழுவ முடியாது.

கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புரோகிராம் ஓடுகிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். அதில் ஒரு பகுதி, ஃபைல்களை டிஸ்க்கில் எழுதுவதையும் படிப்பதையும் பார்த்துக்கொள்ளும். ஃபைல் சிஸ்டம் என்பார்கள். அந்த மூலையில்தான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. பென்னாகரத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, யாரோ எழுதியதில் இருக்கும் பிழைகளைத் திருத்துவேன். நான் எழுதியதில் இருக்கும் பிழைகளை வேறு யாரோ திருத்துவார்கள். எதுவும் உடையாத வரைக்கும் எங்களை யாருக்கும் தெரியாது. உடைந்தால்...? அதற்குத்தான் வருகிறேன்.

அந்தக் கண் ஆஸ்பத்திரி டாக்டர் என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவள். அவளுடைய கம்ப்யூட்டர் மூன்று நாளைக்கு ஒருமுறை அப்படியே நின்றுவிடும். நர்ஸ் கவிதா அதை அணைத்துப் போடுவாள். மறுபடி மூன்று நாள் ஓடும். பார்த்துக் கொடு என்று டாக்டர் ஒரு மாதமாக நச்சரித்தாள். பார்த்தேன். குற்றம் எங்கள் கெர்னலில், அதுவும் நானும் என் சக ஊழியர் மாதேஷும் கவனிக்கிற பகுதியிலேயே இருந்தது!

என்ன குற்றம்? பஃபரை விடவில்லை.

பயந்துவிடாதீர்கள், எளிமையாகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறோம் அல்லவா? டிஸ்க்கிலிருந்து ஒன்றைப் படிக்க, கெர்னலும் மெமரியில் இப்படித்தான் ஓர் இடம் பிடிக்கும். அந்த இடம்தான் பஃபர். வேலை முடிந்ததும் துண்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் சீட் காலியாக இருந்தும் யாரும் உட்கார முடியாது. இப்படியே எல்லா சீட்டிலும் துண்டு விழுந்துவிட்டால் பஸ் நிற்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரி டிஸ்க்கில் ஓரிடம் தேய்ந்துபோயிருந்தது. அந்த இடத்தைப் படிக்க முடியாமல் போகும்போதெல்லாம் எங்கள் புரோகிராம் பஃபரை விடாமலே திரும்பிவிட்டது. மூன்று நாளில் மெமரி நிரம்பி, மெஷின் நின்றது.

இதற்கு நேர்மாறான தப்பு ஒன்று உண்டு. ஒரே பஃபரை இரண்டு முறை விடுவது. இரண்டாவது முறை எடுக்கிற துண்டு நம்முடையது அல்ல, அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறவருடையது. சீட் காலி என்று நினைத்து கண்டக்டர் மூன்றாவது ஆளை அவர் மடியிலேயே உட்கார வைத்துவிடுவார். ஒருவருடைய ஃபைலில் இன்னொருவர் விவரம் போய் உட்காரும். மெஷின் நிற்காது. சிவப்பு விளக்கு எரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும்.

எங்கள் தொழிலில் இதைவிடப் பயங்கரமான தப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பகுதியை மாதேஷ் புதிதாக மாற்றி எழுதியிருந்தார், அது இன்னும் எந்த மெஷினுக்கும் போகவில்லை; செவ்வாய்க்கிழமை அவருக்குப் போன் செய்தேன். பாலக்கோட்டுக்காரர், ஓசூரில் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாங்கள் இரண்டு பேரும் கெர்னலைப் பற்றித் தமிழில்தான் பேசிக்கொள்வோம். பஃபரைப் பிடிக்கிறது, பஃபரை விடறது... இப்படி. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றைக்கு அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். பின்னால் மேளம்.

"மாதேஷ், படிக்க முடியாமப் போச்சுன்னா அந்த பஃபரை என்ன பண்ணுனீங்க?"

"அத விட்டுட்டேன்க்கா."

"சரி, பரவால்ல. நான் பாத்துக்கறேன்."

"பாருங்கக்கா. பாத்துட்டு சேத்துருங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மறந்துவிட்டார் போல, நாமே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். என் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். பஃபரை விடு. பிறகு அவர் எழுதியதையும் நான் எழுதியதையும் ஒன்றாக்கினேன். வேறு வேறு ஃபைல்கள் என்பதால் எந்த உரசலும் இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது.

புதன்கிழமை டாக்டர் கூப்பிட்டாள்.

"நாளைக்கு இங்க சந்தைடி. மலையிலேர்ந்தெல்லாம் எறங்கி வருவாங்க. கூட்டத்துல இது நின்னுச்சுன்னா எம்பாடு திண்டாட்டம். இன்னைக்கே போட்டுக் குடுத்துரு."

ஒரு இரவு முழுக்க, மெமரியைக் குறைத்து வைத்துச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். அது எங்கள் விதி. அந்த விதியை எழுதிய கமிட்டியில் நானும் ஒருத்தி. ஆனால் சிநேகிதி கேட்கிறாள். இருப்பதோ ஒரே ஒரு வரி. ஒரு வரியில் என்ன வந்துவிடப் போகிறது? அன்று சாயங்காலம் நோயாளிகள் போன பிறகு பாப்பாரப்பட்டிக்குப் போனேன். நோயாளிகளைப் பற்றிய எல்லாக் குறிப்புகளையும் தனியாக ஒரு நகல் எடுத்தேன். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். புதுக் கெர்னலைப் போட்டேன், கவிதா கொடுத்த டீயைக் குடித்தேன், வீடு திரும்பி என் மெஷினில் அந்தச் சோதனையைச் சாவகாசமாக ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். தாலி கட்டிவிட்டுப் பொருத்தம் பார்க்கிற புத்திசாலி நான்.

வியாழக்கிழமை காலை காபியோடு திரையைப் பார்த்தேன். வரிசையாக ஒரே எச்சரிக்கை, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. ஏற்கெனவே விட்டுவிட்ட பஃபரை மறுபடியும் விடப் பார்க்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

காபியை அப்படியே வைத்தேன். மாதேஷைக் கூப்பிட்டேன்.

"மாதேஷ், நீங்க அந்த பஃபரை விட்டுட்டேன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்கக்கா. விட்டுட்டேன்."

"விட்டுட்டேன்னா... எழுதாம விட்டுட்டேன்னுதானே?"

மாதேஷ் அவசரமாக மறுத்தார்.

"இல்லீங்கக்கா. பஃபரை விட்டுட்டேன். ரிலீஸ் பண்ணிட்டேன். எம் ஃபைல்ல எழுதிட்டேனே... நீங்க பாக்கறேன்னு சொன்னீங்களே?"

பார்த்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னதை, சரிபார்க்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். விட்டுட்டேன் என்று அவர் சொன்னதை, மறந்துவிட்டேன் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் ஃபைலைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. திறக்கவில்லை. ஆள்தான் வாயாலேயே சொல்லிவிட்டாரே! உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் ஆயிரம் விதமாகத் தப்பு செய்வார்கள். ஆனால் இந்தத் தப்பைச் செய்ய இரண்டு தமிழர்கள் வேண்டும்.

"அக்கா, இது இன்னும் எங்கயும் போகலதானே?" என்றார் மாதேஷ்.

நான் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் அவ்வளவு பயம்? கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விடுவார். கண்ணின் பாவை விரியும், உள்ளே நன்றாகப் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சிலருக்குக் கண்ணின் அமைப்பே வேறு. அவர்களுக்கு அந்தச் சொட்டு விட்டால் கண்ணுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். அவர்கள் குறிப்பில் டாக்டர் "சொட்டு கூடாது" என்று எழுதி வைப்பாள். கவிதா அதைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் மருந்துப் புட்டியைத் தொடுவாள். அந்த இரண்டு வார்த்தை இருக்கும் இடத்தில் இப்போது வேறு யாருடைய வார்த்தை இருக்கிறதோ?

பஸ் வந்தது. ஏறினேன். அன்றைக்கு என்று பார்த்து அது ஊர்ந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சந்தைக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். தக்காளிக் கூடை, சேவல், மூட்டை. கண்டக்டர் ஒருத்தரிடமும் கோபப்படாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. டாக்டருடைய செல் அணைந்திருந்தது, ஆஸ்பத்திரிக்கே ஒன்பதாவது தடவை போன் செய்தேன். பத்தாவது. கூட்ட நேரத்தில் கவிதா போனை மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவாள் என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போடுகிற பச்சைப் பட்டைக் கண்ணாடி அல்ல, சாதாரண வெயில் கண்ணாடிதான். இருந்தாலும் அவரைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜெயிலுக்குப் போவதைப் பற்றியெல்லாம் நான் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் சாயங்காலம் வீட்டுக்குப் போய், விளக்கைப் போட்ட பிறகும் "ஏன் இன்னும் இருட்டா இருக்குது?" என்று கேட்பார். அந்தக் கேள்வி மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்ச் நிறைய ஆட்கள். பதினைந்து, இருபது பேர் இருக்கும். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். சொட்டு விட்டவர்கள் அப்படித்தான் உட்கார வேண்டும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே கதவைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

"கவிதா, மருந்தைக் கீழ வை."

"என்னங்க்கா, வேர்த்து ஊத்துது? மெஷினு சூப்பராப் போவுதுங்க்கா. காலையிலேர்ந்து ஒருக்கா கூட நிக்கல."

"அதான் பயம். யாருக்கும் இனிமே சொட்டு விடாத. இதுவரைக்கும் வந்தவங்க பேரெல்லாம் சொல்லு."

லேப்டாப்பைத் திறந்து, நேற்று எடுத்த நகலை ஒரு பக்கம் வைத்தேன். ஆஸ்பத்திரித் திரை மறுபக்கம். கவிதா டோக்கன் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். இரண்டையும் ஒப்பிட்டேன். முதல் ஆள், சரி. இரண்டாவது ஆள், சரி. ஐந்து, ஆறு... எல்லாம் சரி. ஒருவேளை எதுவும் நடக்கவில்லையோ? ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடும் என்று மனம் தானாகவே சமாதானம் சொல்ல ஆரம்பித்தது.

பத்தாவது பெயர், மாதம்மாள், வத்தல்மலை.

திரையில் மேலே மாதம்மாள் என்றுதான் இருந்தது. கீழே, ஆண், வயது அறுபத்தெட்டு, கண்புரை ஆபரேஷன் முடிந்தது, சொட்டு விடலாம்.

என் நகலில், பெண், வயது ஐம்பத்திரண்டு. கண் அழுத்தம். சொட்டு கூடாது.

நான் எழுதிய ஒரு வரியின் வேலை. கண்ணெதிரே தமிழில் பளிச்சென்று தெரிந்தது.

"கவிதா... இந்த மாதம்மாளுக்கு சொட்டு?"

"அவங்களுக்கா? விட்டுட்டேன்க்கா."

மேஜையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரைக் கூப்பிட வேண்டும், அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து இருக்குமே, தர்மபுரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டுமோ... எல்லாம் ஒன்றாக ஓடியது. அப்புறம்தான் உறைத்தது. இதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டு முந்தாநாள் போனை வைத்த முட்டாளும் நான்தானே?

"விட்டுட்டேன்னா? கண்ணுல ஊத்திட்டியா, ஊத்தலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கவிதா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஊத்தலீங்க்கா. கம்ப்யூட்டர்ல விடலாம்னு வந்துச்சு. அந்தம்மா வேணவே வேணாம்னு கண்ணப் பொத்திக்கிச்சு. செரி, டாக்டர் வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். கவிதா மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். வந்தவர்கள் பெயர்களை முடித்துவிட்டு, வராதவர்களின் குறிப்புகளையும் ஒப்பிட்டோம். இன்னொரு குறிப்பும் மாறியிருந்தது. நல்லவேளை, அந்த ஆள் அன்றைக்கு வரவில்லை.

டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மாதேஷ் பேரைச் சொல்லித் தப்பிக்க ஒரு நொடி ஆசை வந்தது உண்மை. சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. திரையையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"பழசையே திரும்பப் போட்டுரு. மூணு நாளைக்கு ஒருக்கா நிக்கட்டும். நின்னா எனக்குத் தெரியுது. இது நிக்காமப் பொய் சொல்லுது."

பழைய கெர்னலைப் போட்டேன். நகலிலிருந்து எல்லாக் குறிப்புகளையும் மீட்டேன். இருந்தும் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு நோயாளியையும் டாக்டர் வாயால் கேட்டுத்தான் பார்த்தாள். மெஷினை யாரும் தொடவில்லை. அந்த வரிசையில் கண் மூடி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, வெளிச்சம் கூசுகிறது என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மாதம்மாள் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. மலையில் சாமை போடுகிறவர், மகளுக்கு வளையல் வாங்கவும் கண்ணைக் காட்டவும் இறங்கி வந்திருக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

"உங்க பேருல வேற ஆளோட விவரம் வந்துருச்சுங்க. தப்பு என்னோடது. நான் எழுதுனதுல வந்த தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்குச் சொட்டு ஆவாதுன்னு போன தடவையே டாக்டரம்மா சொல்லுச்சு. பொட்டி மறந்துட்டா நானும் மறக்கணுமா?"

"நீங்க மறந்திருந்தா இன்னைக்கு நான் உயிரோட இருந்திருக்க மாட்டேங்க."

"அத வுடும்மா. நீ இன்னா வேலை பண்ணுற? இந்தப் பொட்டிக்கு எழுதுறதா?"

"இதுக்கு மட்டும் இல்லீங்க. இது மாதிரிப் பொட்டிக்கெல்லாம் அடியில ஓடறத எழுதறேன்."

"எத்தினி வருசமா?"

"பதினோரு வருசமாங்க."

மாதம்மாள் யோசித்தார். தன் மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நீ எழுதுனது வேற ஊரு ஆஸ்பத்திரியிலயும் ஓடுதா?"

"ஓடுங்க. ஓடிட்டுதான் இருக்கும்."

"எந்தெந்த ஊருல?"

"தெரியாதுங்க" என்றேன்.

நல்லவேளை, அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.